குகைக் கோவில் வாசலில் விட்ட பூட்ஸ்

1

மத்தேராவைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார் என் அத்தை மகன் ஆரோக்கியம். கீரனூர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பவர். இப்போது மாதப் பத்திரிகை ஒன்றும் நடத்துகிறாராம். "மச்சான், இத்தாலி தேசத்தில் குகைகளையே வீடாகவும் கோவிலாகவும் குடைந்து வைத்திருக்கும் ஊருக்கு நீங்கள் போய் வந்ததாகக் காதர் மைதீன் சொன்னார். நம் ஜனங்கள் படித்து மகிழும்படி எழுதி அனுப்புங்கள். கோவில்களுக்குள் என்னென்ன பழைய சித்திரங்கள் இருக்கின்றன என்பதையும் விடாமல் எழுதவேண்டும்" என்று கடிதம்.

மகிழும்படி! நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டார். அக்கரைச் சீமைக்குப் போனவன் எல்லாம் சுற்றிப் பார்க்கப் போனவன் என்று ஊரில் ஒரு நினைப்பு. நான் வேலை செய்வது பாரி என்கிற துறைமுக ஊரில், ஒரு ரொட்டிக் கடையில். விடிவதற்கு முன்னால் எழுந்து மாவு பிசைய வேண்டும். அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். மாவு மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியே போய்விட்டது. கடைக்கு வருகிறவர்களுக்கு என் முகம் தெரியாது, ஏனென்றால் முதலாளி என்னை முன்பக்கம் நிற்க விடுவதில்லை. கறுப்புக் கை பிசைந்த ரொட்டி என்று தெரிந்தால் வாங்க யோசிப்பார்களாம். தின்னும்போது மட்டும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

சரி, கேட்டுவிட்டார். எழுதுகிறேன். ஆனால் அந்த ஊரைப் பார்த்த கதையை எழுதினால் என் மகளின் கதையையும் எழுதியாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பிசைந்து கிடக்கின்றன. பத்திரிகையில் போடுவதும் கிழித்துப் போடுவதும் மச்சான் இஷ்டம்.

2

நான் இந்த ஊருக்கு வந்தது யாரும் அழைத்து இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், ஒரு கப்பலில் கரி தள்ள ஆள் வேண்டும் என்றதும் ஏறிவிட்டேன். பாரிக்கு வந்தபோது காய்ச்சலில் கண் திறக்க முடியவில்லை. இறக்கி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்த கார்மெலா என்ற பெண் எனக்குக் கஞ்சி மாதிரி ஏதோ காய்ச்சிக் கொடுத்தாள். பிழைத்தேன். அவளையே கட்டிக்கொண்டேன். ஒரு பெண் பிறந்தாள். அருளாயி என்று என் தாயார் பெயரை வைத்தேன். அந்தப் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. லூச்சியா என்றார்கள். நான் மட்டும் அருளாயி என்று கூப்பிட்டேன். ஏழு வயது வரைக்கும் "என்னப்பா?" என்று ஓடி வருவாள்.

அப்போதுதான் யுத்தம் வந்தது. இங்கிலீஷ்காரன் ஆட்களையெல்லாம் பிடித்து அடைக்கிறார்கள் என்று என்னையும் போலீஸ் கச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். கார்மெலாவும் பிள்ளையும் கூடவே வந்து நின்றார்கள். நான் விடாமல் வழக்காடினேன்: "ஐயா, நான் இங்கிலீஷ்காரன் பிரஜை இல்லை. எங்கள் ஊர் புதுக்கோட்டை சமஸ்தானம். எங்களுக்குத் தனியாக ராஜா இருக்கிறார். நான் ராஜாவின் ஆள்." அதிகாரி சுவரில் தொங்கிய தேசப்படத்தில் விரலை வைத்துத் தேடினார். எங்கள் சமஸ்தானம் அதில் ஒரு கடுகளவுகூட இல்லை. "உன் ராஜாவிடம் போய்ச் சொல்" என்று சிரித்துவிட்டு, மலைமேல் இருந்த ஒரு குக்கிராமத்துக்கு அனுப்பிவிட்டார். வருஷக்கணக்கில் அங்கே கிடந்தேன்.

பிறகு இங்கிலீஷ்காரன் ஜெயித்து வந்தான். அவனிடம் போய் நான் உங்கள் ஆள் என்றேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? நீ எங்கள் பிரஜை இல்லை, எங்கள் பாதுகாப்பில் உள்ளவன், அவ்வளவுதான் என்றான். பாதுகாப்பாம்! அந்த வருஷக் கடைசியிலேயே பாரித் துறைமுகத்தில் ஜெர்மன்காரன் குண்டு போட்டான். துணி துவைக்கப் போன கார்மெலா திரும்பி வரவில்லை. இப்போது சமஸ்தானமே இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இங்கே போலீஸ் கச்சேரியில் என் பெயருக்கு நேரே நாடு இல்லாதவன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜில்லா எல்லையைத் தாண்ட வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்டால், எந்த நாட்டுக்காரன் என்று கேட்பார்கள். அது தெரிந்தால்தான் அனுமதியாம்.

தாயில்லாப் பெண்ணை வைத்துக்கொண்டு ரொட்டிக் கடை மூலையில் நான் என்ன செய்ய? மத்தேராவில் இருக்கும் ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் சமயத்தில், ஒரு கன்னியாஸ்திரீ அவளைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு வருஷமும் ஒரு முழம் வளர்ந்திருப்பாள். பேச்சு ஒரு முழம் குறைந்திருக்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலி பாஷையில் பதில் சொல்வாள். பிறகு நான் தமிழில் கேட்டால் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். மறந்துபோச்சு என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு ஒரு சங்கதி சொன்னாள். மத்தேராவில் மேல் ஊரில் தானிய வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம். தோன்னா ரோசா என்ற அம்மாளின் வீடு. மடத்துப் பெண்கள் அங்கே தையல் வேலைக்குப் போவார்கள். அந்த அம்மாளின் மகன் வீட்டோ இவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறானாம்.

"நல்ல விஷயம்தானே, தலையைக் குனிவானேன்?" என்றேன்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. தகப்பன் யார் என்று தோன்னா ரோசா கேட்டிருக்கிறாள். இவள் சொல்லிவிட்டாள்: இந்தியாவில் ஒரு ராஜா வீட்டு மனிதர், பாரியில் வியாபாரம் செய்கிறார் என்று. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். "ராஜா வீடா? யாரடி சொன்னது?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். "போலீஸ் கச்சேரியில் நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள்.

ஏழு வயதுப் பிள்ளை காதில் விழுந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதைப் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்பட்ட நாளில் எடுத்துச் செலவழித்திருக்கிறாள். மடத்துத் தாயாருக்கு உண்மை தெரியும். இப்போது போய்ச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், நீங்கள் வந்து ஒரு முறை முகம் காட்டிவிட்டுப் போங்கள், அதிகம் பேச வேண்டாம் என்று அவரும் சொல்லி அனுப்பினார்.

சரி, பெண்ணின் வாழ்க்கை. நான் ராஜா வீட்டுப் பிள்ளை இல்லை. ஆனால் ஒரு கோட்டு இரவல் வாங்க முடியும். என்னிடம் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் இருந்தது. உருப்படியாக நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

துணைக்குக் காதர் மைதீன் வந்தான். கோட்டைப்பட்டினத்துக்காரன், இங்கிலீஷ் கப்பல் ஒன்றில் மாலுமிகளுக்குத் தலைவன், சாரங்கு. பாரித் துறைமுகத்தில் ஒரு நாள் "ஏலே, கயித்த இழுத்துப் புடிங்கடா, நாசமாப் போறவனுகளா!" என்று ஒரு குரல் கேட்டது. மாவு மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பல வருஷம் கழித்துக் காதில் விழுந்த தமிழ் அந்தத் திட்டுத்தான். அன்றிலிருந்து கப்பல் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போகமாட்டான். அவனுடைய கப்பல் பழுதுபார்க்க நின்றிருந்தது. எனக்கு அதிசயமாக அனுமதியும் கிடைத்தது. பொண்ணு கல்யாணம் பேசப் போகிறேன் என்றதும் சாரங்கு உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டான். கருநீலக் கோட்டு, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, சங்கிலியில் வெள்ளி ஊதல்.

"நீதாண்டா மாப்பிள்ளை மாதிரி இருக்க" என்றேன்.

"பின்னே? ராசா வீட்டுக் கல்யாணம்னா சும்மாவா?" என்று கண்ணடித்தான்.

4

பாரியிலிருந்து மத்தேராவுக்குச் சின்ன ரயில். மேட்டில் ஏறும்போது ஆஸ்துமாக்காரன் மாதிரி மூச்சு வாங்கும். இறங்கினால் முதலில் தெரிவது மேல் ஊர். கல் கட்டடங்கள், கடைகள், கோட்டுப் போட்ட மனிதர்கள். கொஞ்சம் நடந்து விளிம்புக்குப் போனால் கீழே பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தின் சரிவு முழுக்கக் குடைந்த வீடுகள். ஒரு வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்காரனுக்குத் தெரு. கதவு இருக்கும், உள்ளே ஜன்னல் இருக்காது. கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் கோவேறு கழுதை, கழுதைக்குப் பக்கத்தில் கோழி, எல்லாவற்றுக்கும் நடுவில் பிள்ளைகள். புகை போக வழியில்லாமல் சுவரெல்லாம் கரி. பிள்ளைகளின் கண்ணில் ஈ மொய்த்தது. இதை மகிழும்படி எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மேல் ஊரில் இருப்பவர்கள் கீழே இறங்குவதில்லை. கீழே இருப்பவர்கள் கூலிக்கு மட்டும் மேலே ஏறுவார்கள். ஊர் என்றால் ஊரும் சேரியுமாகத்தான் இருக்கும்போலிருக்கிறது, எந்தச் சீமையாக இருந்தாலும்.

மத்தியானம்தான் தோன்னா ரோசா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள் மகள். சம்பந்தம் பேசப் போகுமுன் கோவிலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது நம் வழக்கம். கார்மெலாவை நினைத்து ஒரு ஜெபம் சொல்லலாம் என்று பள்ளத்துச் சரிவிலேயே ஒரு குகைக் கோவிலைத் தேடிப் போனோம். பாறையில் வாசல் மாதிரி வெட்டி, மேலே ஒரு சிலுவை செதுக்கியிருந்தார்கள்.

வாசலில் நின்றதும் இரண்டு பேருக்கும் கை தானாகக் கீழே போய்விட்டது. பூட்ஸைக் கழற்றினோம். காதர் தன்னுடையதை ஒன்றோடொன்று சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டான். பள்ளிவாசலில் அப்படித்தானாம்.

"நீயும் கையில எடுத்துக்க மாப்ள. பஞ்சப்பட்ட ஊரு. இங்கிட்டு வச்சா இருக்காது."

"கையில தூக்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்டா, கையிலே எடுத்தா என்ன, தேய்ஞ்சா போயிரும்?"

"தூக்க மாட்டேன்னா விடேன்."

காரணத்தை அவனிடம் அப்போது சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எங்கள் ஊரில் பெரிய தெரு என்று ஒன்று உண்டு. சேரிக்காரன் அந்தத் தெருவில் கால் வைத்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். என் தகப்பனார் ராயப்பன் ஒரு தடவை காலில் முள் தைத்துப் புரையோடியிருந்ததால் கழற்றாமல் நொண்டிக்கொண்டு போனார். பிடித்து நிறுத்தி, அதே செருப்பைத் தலையில் வைத்துத் தெருக் கோடி வரைக்கும் நடக்க வைத்தார்கள். முள் தைத்த காலோடு நடந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அவர் தலையில் இருந்த செருப்பைத்தான் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். கொழும்புக்குக் கப்பலேறும்போது ஆண்டவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். செத்தாலும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிற பிழைப்பு எனக்கு வேண்டாம் என்று கேட்டேன்.

அதனால் பூட்ஸை வாசலிலேயே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

5

மச்சான் கேட்ட சித்திரங்கள் இதோ. உள்ளே குளிர்ந்து கிடந்தது. ஆட்டுப் புழுக்கை வாசனை. யாரோ ஒரு சின்ன விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பாறைச் சுவரிலேயே மாதா சித்திரம். பெரிய பெரிய கண்கள், சிவப்பும் நீலமுமாகப் பழைய சாயம், மடியில் குழந்தை. குழந்தைக்கு ஒரு கை உதிர்ந்துவிட்டது. பக்கத்தில் யாரோ ஒரு புனிதர், அர்ச்சிஷ்டவர் என்போமே, முகத்தை எவனோ சுரண்டி எடுத்திருந்தான். மற்றபடி வெறும் பாறை. நம் பக்கத்துக் கோவில்களில் சேரிக்காரர்களைப் பிரித்து நிற்கவைக்கக் குறுக்கே கம்பி போட்டிருப்பார்களே, அது இங்கே இல்லை. இடமே அவ்வளவுதான், எதைப் பிரிப்பது?

"அடேயப்பா! நம்ம நார்த்தாமலைக் குகையாட்டமே இருக்கே" என்றான் காதர். சின்ன வயதில் தகப்பனோடு கருவாடு விற்க அந்தப் பக்கமெல்லாம் அலைந்தவன்.

"நீ அங்க உள்ள போயிருக்கியா?"

"நல்லாக் கேட்ட போ. எங்க ஆளுக எப்புடி உள்ள போறது? தூர நின்னு பார்த்ததுதான். நீ?"

"நானும் அம்புட்டுத்தான். அடிவாரத்துல ஆடு மேச்சிருக்கேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சொந்த ஊர்க் குகையைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்கள் கப்பலேறி வந்து கண்டவன் ஊர்க் குகையைப் பார்க்கிறோம். நான் முழந்தாள் போட்டு, என் பெண் நன்றாக வாழ வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று ஜெபித்தேன். அப்படியே வார்த்தைக்கு வார்த்தை கேட்டுக்கொண்டாள் மாதா. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து எரிகிறேன்.

வெளியே வந்தால் பூட்ஸைக் காணோம். வெறும் கல்தான் இருந்தது.

எதிரே வாசற்படியில் ஒருத்தி உட்கார்ந்து பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே ஒரு ஜோடி பூட்ஸ் இருந்ததே, பார்த்தாயா அம்மா என்று கேட்டேன். என் காலைப் பார்த்தாள்.

"யார் செத்துப்போனது?" என்றாள்.

"யாரும் சாகவில்லை. நான்தான் கழற்றி வைத்தேன்."

"கோவிலுக்குப் போக எதற்குக் கழற்ற வேண்டும்? செத்தவனுடைய பூட்ஸைத்தான் இப்படி வாசலில் வைப்பார்கள், இல்லாதவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று. எவனோ எடுத்துக்கொண்டு அவனுக்காக ஒரு ஜெபமும் சொல்லிவிட்டுப் போயிருப்பான்."

அவளைத் திட்டவும் முடியவில்லை. அவள் காலிலும் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் காலிலும் ஒன்றும் இல்லை. காதர் தன் கையில் இருந்த பூட்ஸை நீட்டினான். அவனுக்குப் பெண்பிள்ளைக் கால், என் கட்டை விரல்கூட நுழையவில்லை. கடை தேடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. தோன்னா ரோசா காத்திருப்பாள். போகாவிட்டால் ராஜா வீட்டுத் தகப்பன் வரவேயில்லை என்று ஆகிவிடும்.

"வாடா, மொகத்தப் பார்த்துத்தானே பேசப் போறாக. காலையா பார்க்கப் போறாக?" என்றான் காதர்.

6

காலைத்தான் பார்த்தார்கள்.

மேல் ஊர்த் தெருவில் வெறுங்காலோடு நடந்தேன். கோட்டுப் போட்டுக்கொண்டு வெறுங்காலில் நடக்கிறவனை நாய்கூட நின்று பார்த்தது. தோன்னா ரோசா மாடிப்படியின் உச்சியில் நின்றிருந்தாள். கறுப்புப் பட்டு, காதில் தங்கம். எங்கள் இரண்டு பேரையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவள் பார்வை என் காலில் வந்து நின்றது, அங்கிருந்து காதரின் வெள்ளிச் சங்கிலிக்குப் போனது. முகம் மலர்ந்து இறங்கிவந்து காதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாருங்கள் சம்பந்தி, வாருங்கள். உங்கள் மகள் உங்களைப் பற்றிச் சொல்லாத நாளில்லை."

காதருக்கு இத்தாலி பாஷை தெரியாது. "என்ன மாப்ள சொல்லுது இந்தம்மா?"

"ஒன்னையப் பொண்ணோட அப்பான்னு நெனச்சுக்கிட்டாக."

"யா அல்லா! இல்லேன்னு சொல்லுடா!"

சொல்லியிருப்பேன். வாயைத் திறந்துவிட்டேன். அப்போது அருளாயி உள்ளிருந்து வந்து படியில் நின்றாள். என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர் மாதிரி வெளுத்துப்போனாள். தோன்னா ரோசா என் பக்கம் விரலை நீட்டி, "இது யார்?" என்று அவளிடம் கேட்டாள்.

"அப்பாவின் வேலைக்காரர். முத்து" என்றாள் என் மகள்.

சவரிமுத்து என்பது என் பெயர். பாதியை வைத்துக்கொண்டு பாதியைக் கொடுத்தாள். முத்து என்ற சொல் காதரின் காதில் விழுந்துவிட்டது. தோன்னா ரோசாவின் கையை உதறினான்.

"ஏ புள்ள! என்னா சொன்ன நீ? இவன் யாருன்னு சொன்ன?"

"காதரு, சத்தம் போடாத."

"சத்தம் போடாம? பெத்த அப்பனை... ஏன்டா, ஒனக்கு சூடு சொரணை இல்ல?"

"இருக்கு. இன்னைக்கு வேணாம். புள்ள பொழப்புடா. நீதான் அப்பன்னு இருந்துட்டுப் போ."

"நம்ம பேசுறது அதுக்குப் புரியுதா?"

"எல்லாம் புரியுது. மொகத்தப் பாரு."

மறந்துபோன தமிழ் அத்தனையும் அவள் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தோன்னா ரோசா மட்டும் சிரித்துக்கொண்டே, "உங்கள் பாஷை என்ன இனிமை!" என்றாள்.

காதரை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். மேலே அவன் பட்ட பாட்டைப் பிறகு சொன்னான். பன்றி இறைச்சியை வைத்து, திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிட்டு, தின்னுங்கள் குடியுங்கள் என்று உயிரை வாங்கியிருக்கிறார்கள். அவருக்கு வயிறு சரியில்லை என்று மகள் சமாளித்தாளாம். ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு, ஊதலை ஊதிக் காட்டச் சொன்னதற்கு ஒரு தடவை ஊதிக் காட்டினானாம். வீட்டோ கை தட்டினானாம்.

எனக்குக் கீழே, சமையல் கட்டுக்கு வெளியே, கழுதை கட்டுகிற கொட்டகையை ஒட்டி இடம். ஒரு தகரக் கிண்ணத்தில் அவித்த பயறும் ரொட்டியும். சமையல்காரக் கிழவி கரண்டியோடு வந்து போதுமா என்றாள். போதும் என்று நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். இந்த ஊரில் அதற்குப் போதாது என்று அர்த்தம். இன்னொரு கரண்டி போட்டாள். மறுபடி ஆட்டினேன். மறுபடி போட்டாள். ராஜா வீட்டு வேலைக்காரன் இப்படிப் பட்டினி கிடப்பானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெரிய தெரு வீடுகளில் களத்து வேலை முடிந்தால் எங்களுக்குக் கொல்லைப்புறத்தில்தான் ஊற்றுவார்கள். வெறுங்காலோடு குந்தி உட்கார்ந்து குடிப்போம். அதை விட்டுத்தானே ஓடி வந்தேன்? எத்தனை கடல், எத்தனை கரி, எத்தனை மூட்டை! சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே கொல்லைப்புறத்தில் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்துவிட்டாள் நான் பெற்ற மகள்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் செம்போடு அவளே வந்தாள். கிழவி இருந்ததால் எட்டி நின்றாள். செம்பைக் கீழே வைக்கும்போது, உதடு அசையாமல், வருஷக்கணக்காகப் பேசாத தமிழில் கேட்டாள்.

"அப்பா, காலு குளிருதா?"

"இல்லாத்தா. பழக்கந்தான்" என்றேன்.

அழுதுவிடுவாளோ என்று பயந்து கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எழுந்து ஒரு அறை விட்டிருக்கலாம். கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அவள் போன பிறகு பயற்றை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தேன்.

ரயிலில் திரும்பினோம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்த காதர், பாரி நெருங்கும்போது, "கையில எடுத்துக்கன்னு சொன்னேன்ல மாப்ள" என்றான். அப்போதுதான் அவனிடம் பெரிய தெருக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். ஊருக்கு வந்தபோது மச்சானிடம் குகையைப் பற்றி மட்டும் சொல்லி, மற்றதை விழுங்கியிருக்கிறான். நல்ல மனுஷன்.

7

கல்யாணம் மழைக்காலத்தில் நடந்தது. பெண்ணின் தகப்பனார் வியாபார விஷயமாகக் கப்பலேறிப் போய்விட்டார் என்றும், பெண்ணுக்கு வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வேலைக்காரன் முத்துவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்றும் தோன்னா ரோசாவுக்குத் தகவல் போயிற்று. செருப்பு வாங்கியது நான்தான். பாரியிலேயே நல்ல கடையில், குதிகாலில் சின்னப் பூ வைத்தது. கூடவே எனக்கும் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை எந்த வாசலிலும் கழற்றுவதில்லை என்று முடிவு செய்துதான் போனேன்.

மடம் சரிவில் இருக்கிறது. பெரிய கோவில் உச்சியில். மழையில் படிக்கட்டெல்லாம் சேறு. அந்த ஊரில் மழை நாளில் கல்யாணப் பெண் பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு மேலே ஏறுவாள். கோவில் வாசலில்தான் வெள்ளைச் செருப்புக்கு மாறுவாள். அதுவரை அதை யாராவது கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும்.

தோன்னா ரோசா சுற்றிலும் பார்த்தாள். "முத்து, நீ பிடித்துக்கொள். உன் எஜமான் அனுப்பியதுதானே? நன்றாகத் தூக்கிப் பிடி, சேறு படக்கூடாது" என்றாள்.

அருளாயி சட்டென்று திரும்பினாள். அவளுக்குப் பெரிய தெருவும் தெரியாது, ராயப்பனும் தெரியாது. நான் சொன்னதே இல்லை. என் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று கையை நீட்டினாள். பெண் எங்கேயாவது தன் செருப்பைத் தானே தூக்குவாளா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் மாமன் முன்னால் நடந்தான். தகப்பன் நடக்க வேண்டிய இடம் அது. ஜனங்கள் கூரைகளில் நின்று பார்த்தார்கள். நான் கடைசியில், இரண்டு கையிலும் என் மகளின் செருப்பை மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த ஊர்த் தெருவெல்லாம் நடந்தேன். மேல் ஊர்த் தெருவிலும் நடந்தேன். என் தகப்பனாராவது அடிக்குப் பயந்து நடந்தார்.

கோவில் வாசலில் குனிந்து அவள் பூட்ஸைக் கழற்றிச் செருப்பைப் போட்டுவிட்டேன். விழாமலிருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் பிடித்த மாதிரியே, இறங்கிப்போன தோளைத்தான் பிடித்தாள். அந்தப் பிடி கொஞ்சம் இறுகியது. பிறகு உள்ளே போய்விட்டாள். அவளுடைய சேற்றுப் பூட்ஸ் இப்போது என் கையில். இதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வராதே, சொட்டுகிறது என்று தோன்னா ரோசா சொன்னாள். சொன்னது சரிதான், சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கதவைச் சாத்தினார்கள். உள்ளே பாட்டு கேட்டது.

அந்தப் பெரிய கோவிலுக்குள் பழைய சித்திரங்கள் இருக்கின்றனவா என்று மச்சான் கேட்டிருந்தார். இருக்கின்றன என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை.